நின்றாலும் சுடும்

அந்தச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை இயந்திரத்துக்கு மாமியார் என்று பேர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அங்கே பழகினவர்கள் எல்லாருக்கும் தெரியும்: வாயை மூடிய பிறகும் மாமியாருக்குச் சூடு அடங்காது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உருளை நின்றுவிடும். இரைச்சல் ஓய்ந்து, பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற இரும்பு, நீங்கள் போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, பக்கத்து மேசைக்காரியின் குடும்பக் கதையையும் கேட்டுவிட்டு வந்த பிறகும் தோலை உரிக்கிற பதத்தில்தான் இருக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு வந்த முதல் நாளே புதுப்பெண்ணை உருளையின் எதிரே கொண்டுபோய் நிறுத்துவார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஈரத்துணி ஒன்றை அதன் மேல் உதறுவார்கள். துளிகள் இரும்பில் துள்ளி ‘சொய்ங்’ என்று கத்திக்கொண்டே காணாமல் போகும்.

“கேட்டுச்சா? உன் கையும் இப்படித்தான் கத்தும். போ, அந்தப் பக்கம் போய் மடி.”

அவ்வளவுதான் பாடம். அதன் பிறகு புதியவள், இஸ்திரியாகி வெளியே வரும் விரிப்பை வாங்கி மடிக்கிற பக்கத்திலேயே பல மாதம் நிற்பாள். ஈர விரிப்பை உருளையின் வாய்க்குள் கொடுக்கிற பக்கத்துக்கு அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள். அதுவரை ஏச்சும் பேச்சும் தாராளமாகக் கிடைக்கும். அழுதுகொண்டே கற்றவர்கள் உண்டு. கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர்கள் இல்லை.

உருளைப் பிரிவுக்கு மேஸ்திரி, ரோலர் அக்கா. கணவன் அதே கூடத்தின் வேன் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்கை ஏற்றி வந்து, வெளுத்ததைக் கொண்டுபோய்ப் போடுவான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான மாமனார், முழங்கால் வலியோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரையும் இன்னும் கண்காணித்துக்கொண்டிருந்தார். கணவனின் தங்கை, வீட்டுக்குச் சின்னவள், படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவளைக் கூடத்தில் சேர்த்துவிட்டது ரோலர் அக்காதான்.

“நம்ம கண்ணு முன்னாடியே இருப்பா. நான் பாத்துக்கறேன்” என்று மாமனாரிடம் சொல்லியிருந்தாள்.

அவள் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்புதான் மேனேஜர் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய், ஞானம் பெற்றுத் திரும்பினார். ஞானம் தனியாக வரவில்லை. கூடவே ஒரு பயிற்சியாளரும் வந்தார். மெத்தென்ற காலணி, கழுத்தில் தொங்கும் அட்டை, சட்டைப் பையில் நாலு நிற மார்க்கர். பேசினால் குரலில் வெண்ணெய் உருகும். உணவுக்கூடத்தின் மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொல்லி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லாரையும் உட்காரவைத்தார்.

“இன்னியிலேர்ந்து இங்க மேஸ்திரின்னு யாரும் இல்லை. நீங்க வழித்துணை. அவங்க தொழிலாளி இல்லை. கற்றாளர். வழித்துணை பதிலைச் சொல்லமாட்டார். கேள்விதான் கேட்பார். பதில் கற்றாளருக்குள்ளேயே இருக்கு. ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு விதை இருக்கு.”

உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரையர்காரர் கையைத் தூக்கினார். “சார், எனக்குள்ள கல்லு இருக்குன்னுதான் டாக்டர் சொன்னாரு.”

கூடமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். “அருமையான பகிர்வு. எல்லாரும் கைதட்டுங்க” என்றார். தட்டினார்கள். அவருடைய வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் கைதட்ட வேண்டும், அது விதி. ஒருத்தி, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றாள். அதற்கும் தட்டினார்கள். தண்ணீர் வரவில்லை.

ஆக, பேர்கள் எல்லாம் மாறின. சம்பளம் மட்டும் பழைய பேரிலேயே பழைய அளவிலேயே வந்தது. ஈரத்துணி உதறுகிற பாடம், பயமுறுத்திக் கற்பிக்கும் காட்டுமிராண்டி முறை என்று நிறுத்தப்பட்டது. மடிக்கிற பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்பது, திறமையைச் சிறைவைப்பது என்று தீர்ப்பாயிற்று. புதியவர்கள் இனி நேராகக் கொடுக்கிற பக்கத்துக்கே போய், தாங்களே கண்டுபிடித்துக் கற்கலாம். இதில் மேனேஜருக்கு ஒரு நுட்பமான சந்தோஷம் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் நிறுத்தினால் அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தானாகக் கற்றுக்கொள் என்றால் கைதட்டினால் போதும்.

வழித்துணைகளுக்கு மதிப்பீடு உண்டு. பயிற்சியாளர் பின்னால் நின்று கவனிப்பார். கேள்வி கேட்டால் மார்க்கு ஏறும். பதில் சொல்லிவிட்டால் இறங்கும். நிறைய ஏறினால் வழித்துணையின் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவார். ரோலர் அக்கா வாழ்க்கையில் யாரும் அவளுக்கு எதையும் ஒட்டியதில்லை. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள், முதல் நட்சத்திரம் விழுந்ததும் சிரிப்பு நின்று அக்கறை வந்துவிட்டது. வீட்டிலும் பழக ஆரம்பித்தாள்.

“என் நீலச் சட்டை எங்க?” என்பான் வேன்காரன்.

“எங்க இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?”

“தெரிஞ்சா உன்னை ஏன்டி கேக்கறேன்?”

“கண்டுபிடிக்க உங்களுக்கு எது தடையா இருக்கு?”

“நீதான்.”

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மாமனார் நாற்காலியிலிருந்து குரல் கொடுப்பார்: “ஏம்மா, பஸ் எங்க போகும்னு ஒருத்தன் கேட்டா, எங்க போகும்னு நீ நினைக்கறேன்னு நான் திருப்பிக் கேட்டிருந்தா, அன்னிக்கே என்னை இறக்கி விட்டுட்டு பஸ் போயிருக்கும்.”

“மாமா, அப்படிக் கேட்டிருந்தா அவனே வழி கத்துக்கிட்டிருப்பான்.”

“அவன் கத்துக்கறதுக்குள்ள ஊர் தாண்டியிருக்குமே!”

அது வீட்டு விளையாட்டாகிவிட்டது. சோறு வேணுமா என்று சின்னவள் கேட்டால், உன் மனசு என்ன சொல்லுது என்பாள் அண்ணி. மனசு, குழம்பு தீந்துபோச்சுன்னு சொல்லுது என்பாள் சின்னவள். அண்ணியின் கேள்வி என்றாலே வேடிக்கைதான் என்று அந்தப் பெண் மனதில் பதிந்துபோனது அப்படித்தான்.

மழை பிடித்துக்கொண்ட வாரம். ஆஸ்பத்திரிகளில் கூட்டம், வேன் வந்து வந்து கொட்டியது. ஈர விரிப்புகள் தள்ளுவண்டிகளில் மலையாகக் குவிந்திருந்தன. கூரைத் தகரத்தில் மழை அடிக்க, உள்ளே ஆவியும் சோப்பு வாடையும் மூச்சை அடைத்தன. சின்னவள் கொடுக்கிற பக்கத்தில் நின்றாள். வேலைக்கு வந்தே ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. கூட நிற்க வேண்டியவள் விடுப்பு. பதிலுக்கு ஆள் போடவில்லை. அன்றுதான் ரோலர் அக்காவுக்கு இறுதி மதிப்பீடு. பயிற்சியாளர் அட்டைப் பலகையில் தாளைச் செருகி, அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

ஒரு விரிப்பு கோணலாக உள்ளே போய், உருளையின் வாயில் சுருண்டு சிக்கியது. சின்னவள் பதறவில்லை. சரியாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உருளை நின்றது. இரைச்சல் ஓய்ந்ததும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் திரும்பினாள்.

“அண்ணி, நின்னுடுச்சு. கையை உள்ள விட்டு இழுத்துடட்டுமா?”

தொடாதே என்ற சொல் ரோலர் அக்காவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனையோ பெண்களிடம் கத்திய சொல். பின்னால் பேனா மூடி கழற்றும் ‘டிக்’ கேட்டது.

“நீ என்ன நினைக்கிற?” என்றாள்.

சின்னவள் சிரித்தாள். வீட்டில் சிரிக்கிற அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே வலது கையை உள்ளே விட்டாள்.

அந்தச் சத்தத்தை எழுத வேண்டியதில்லை. ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தவர் டிரையர்காரர். அவர் பிறகு எல்லாரிடமும் சொன்னது இது: அந்தப் பிள்ளை தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்து கிடந்த பயிற்சியாளரின் தாளைப் பார்த்தாராம். அந்தக் கேள்விக்கு முழு மார்க்கு போட்டாகியிருந்ததாம்.

உள்ளங்கையும் நாலு விரல்களும் வெந்திருந்தன. தோல் ஒட்டவைக்க வேண்டும், விரல்கள் பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்கு வந்தாள். மாமனார் விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். ரோலர் அக்கா ரொட்டியைப் பாலில் நனைத்துச் சின்னவளுக்கு ஊட்டினாள். அவள் வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள். அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை.

வேன்காரன் சமையலறை வாசலில் வந்து நின்றான். “ஒரு வார்த்தை. தொடாதேன்னு ஒரு வார்த்தை. அதுக்கு வாய் வலிச்சுதா உனக்கு?”

“அவரு பின்னாடி நின்னுட்டிருந்தாரு.”

“நின்னா? உன் கழுத்துல கத்தி வெச்சாரா?”

“சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

“நட்சத்திரம் போயிடும்னு பயம். அதைச் சொல்லு.”

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தாள். “ஆமா” என்றாள்.

அவனுக்கு அதற்கு மேல் கத்த வழியில்லாமல் போயிற்று. குரல் இறங்கியது. “இன்னிக்கு மேனேஜர் வேனை நிறுத்தினாரு. வெள்ளிக்கிழமை ஒரு கூட்டமாம். விசாரணைன்னு சொல்லாதீங்க, கற்றல் வட்டம்னாரு. அது அவளோட கவனக்குறைவுன்னு முடிஞ்சா, கம்பெனி வைத்தியத்துக்கும் பொறுப்பில்ல, வேலையும் இல்ல. உங்க வீட்டம்மாவை அனுசரிச்சுப் பேசச் சொல்லுங்க, ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்கன்னு தோளைத் தட்டினாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? சரி சார்னேன்.” அவன் சுவரைப் பார்த்தான். “எனக்கும் வாய் வலிச்சுது.”

உள்ளேயிருந்து மாமனார் கேட்டார்: “அவ அனுசரிச்சுப் பேசினா, என் பொண்ணு தானாப் போய் அடுப்புல கையை வெச்சான்னு ஆகும். அதானே?”

ரோலர் அக்கா தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் மறுபடி நாற்காலிகள் வட்டமாகின. நடுவில் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொழிலாளிக்கு நடுவில் தொழிலாளியாக உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்கு மட்டும் மெத்தை இருந்தது. சின்னவளைக் கட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளரிடம் ஒரு மஞ்சள் நுரைப்பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம்.

“இங்க குற்றவாளி யாரும் இல்லை. நாம யாரையும் பாத்து விரல் நீட்டப்போறதில்லை” என்றார் பயிற்சியாளர்.

“நீட்டறதுக்கு அந்தப் புள்ளைக்கு விரல் வேணுமே” என்றார் டிரையர்காரர். பந்து கையில் இல்லாமல் பேசியதால் அது கணக்கில் வரவில்லை.

பயிற்சியாளர் பந்தை எறிய நினைத்து, கட்டைப் பார்த்துச் சுதாரித்து, நடந்து போய்ச் சின்னவளின் மடியில் வைத்தார். குனிந்து, மிகப் பரிவாகக் கேட்டார்: “இந்த அனுபவத்துலேர்ந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?”

அவள் இடது கையால் பந்தை உருளாமல் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கக்கூடாதுன்னு கத்துக்கிட்டேன்.”

யாரோ கைதட்டினார்கள். பழக்கதோஷம். தட்டியது மேனேஜர். நாலைந்து பேர் தங்களை அறியாமல் கூடத் தட்டிவிட்டு, சூடு பட்டதுபோலக் கைகளைப் பிரித்து மடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

ரோலர் அக்கா எழுந்து வந்து சின்னவளின் மடியிலிருந்து பந்தை எடுத்தாள்.

“அவ பொத்தானை ஒழுங்கா அழுத்தினா. ஒழுங்கா திரும்பிக் கேட்டா. கவனக்குறைவு அவளுது இல்ல. எனக்குப் பதில் தெரியும். நான் சொல்லல. சொன்னா மார்க்கு போகும்னு சொன்னது நீங்க. மடிக்கிற பக்கம் நிக்க வேண்டிய பொண்ணைக் கொடுக்கிற பக்கம் நிறுத்தினதும் நீங்க. ஈரத்துணி உதறக் கூடாதுன்னதும் நீங்க. நான் கேட்டுக்கிட்டேன். அதான் என் தப்பு. என் தப்புக்கு அவ கை வெந்துபோச்சு.”

பயிற்சியாளர் கண்ணை மூடித் திறந்தார்.

“துணிச்சலான பகிர்வு. ஆனா இதுல கொஞ்சம் குற்றச்சாட்டுத் தொனி இருக்கு. இதையே ஒரு கேள்வியா மாத்திச் சொல்ல முடியுமா?”

“முடியும் சார். என்னை ஏன் சொல்ல விடல?”

“ரொம்ப நல்ல கேள்வி” என்றார் அவர் மனமார. “இந்தக் கேள்வியை நாம எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிப்போம்.”

பிறகு மேனேஜர் எழுந்து முடித்துவைத்தார். கையை உள்ளே வைக்கும்படி நிறுவனம் யாருக்கும் உத்தரவிடவில்லை. வழித்துணையும் உத்தரவிடவில்லை, கேள்வி மட்டுமே கேட்டார், அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆகவே அது அந்தக் கற்றாளருக்குள்ளேயிருந்து வந்த சொந்த முடிவு. அந்த முடிவை நிறுவனம் மதிக்கிறது. அவர் நன்றாக ஓய்வெடுக்கட்டும். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. திரும்பி வரலாமா என்றும் சொல்லவில்லை. உருளைக்கு மேலே ‘யோசித்துச் செயல்படு’ என்று ஒரு பலகை மாட்டப்படும் என்றார். ஒரு பெண்ணின் கையைச் சுட்டுவிட்டு, சுட்டதற்கான பொறுப்பையும் அந்தக் கையிலேயே வைத்து அனுப்ப, அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை பலகை வந்துவிட்டது. பயிற்சியாளரும் வந்தார். சாப்பாட்டு வேளை, இயந்திரத்தை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். ரோலர் அக்கா தள்ளுவண்டியில் ஈர விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்க மதிப்பீடு பாதியில நின்னுபோச்சு இல்லையா? முடிச்சுடலாமேன்னு வந்தேன்.” தாள் செருகிய அட்டைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உருளையிடம் போனார். அதன் வாயருகே குனிந்து பார்த்தார். அத்தனை நாளும் அவர் அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. “இங்கதான் மாட்டிச்சா? நிறுத்தியாச்சே, இப்ப ஆறியிருக்கும் இல்ல?” கேட்டுக்கொண்டே விரல்கள் நீண்டன.

கேள்வி ரோலர் அக்காவின் வாயில் தயாராக இருந்தது. அவரே சொல்லிக்கொடுத்த கேள்வி. பார்க்க ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் முழு மார்க்கு.

“தொடாதே!”

கூடம் அதிரக் கத்தியிருந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருந்தாள். மரியாதை எல்லாம் எங்கோ போயிருந்தது. வண்டியிலிருந்த விரிப்பின் நுனியை எடுத்து உருளையில் உதறினாள். ‘சொய்ங்.’

அவர் வெளிறிப்போனார். தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. ரத்தத்தோடு பயிற்சியும் திரும்பியது. பேனா மூடியைக் கழற்றி, தாளில் எதையோ எழுதினார்.

“நேரடியா பதில் சொல்லிட்டீங்க” என்றார் வருத்தத்தோடு.

அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, நட்சத்திரங்களோடு அவர் அட்டைப் பலகை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, ரோலர் அக்கா சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பின்ன முடியாதாகையால் தினமும் அண்ணிதான். சின்னவள் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“தொடாதேன்னே கத்திட்டியா?” என்றான் வேன்காரன். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

“வாயில வந்துடுச்சு.”

“சபாஷ்” என்றார் மாமனார். “அந்த ஆளை இறக்கி விட்டுட்டு விசில் அடிச்ச மாதிரி இருக்கு. கேளு, நாளைக்கு நாம எல்லாரும் லேபர் ஆபீஸ் போறோம். அந்த டிரையர்காரரையும் கூப்பிடு. அங்க கேள்வி அவங்க கேப்பாங்க. நீ பதிலை மட்டும் சொல்லு. வேலை போனா போகட்டும்.”

“சொல்றேன் மாமா. எல்லாத்தையும் சொல்றேன்.”

வேன்காரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். “அப்ப அந்த ஆள் கைக்கு ஒண்ணும் ஆகல?”

“இல்ல. இழுத்துட்டேன்.”

சின்னவள் திரும்பவில்லை. மடியில் கிடந்த வெள்ளைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்குச் சொன்னீங்க” என்றாள்.

கேள்வியாக அதை அவள் கேட்கவில்லை. கூந்தலின் மூன்று பிரியும் அண்ணியின் விரல்களில் இருந்தன. பின்னவும் கை வரவில்லை; விட்டால் அவிழ்ந்துவிடும்.